வாயுச் சமன்பாட்டில் அமுக்கத்துக்கு எந்த அலகு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளும், இரண்டொரு இடத்தில் அவர்களுடைய அப்பாமாரும், வாயு விதிக் கணக்குகள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. குறியீடுகளை வகுப்பில் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன்: பீ அமுக்கம், வீ கனவளவு, என் மூல் எண்ணிக்கை, ஆர் அகில வாயு மாறிலி, ரீ கெல்வினில் வெப்பநிலை. பீ × வீ = என் × ஆர் × ரீ.

சேர், கடைசியில் எந்த அலகுதான் சரி? பஸ்காலா, வளிமண்டலமா, இரச மில்லிமீற்றரா?

மூன்றும் சரி. இயற்கைக்கு அலகு தெரியாது. நீங்கள் எடுக்கும் ஆர் எந்த அலகில் இருக்கிறதோ, அமுக்கமும் கனவளவும் அதே அலகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். லீற்றரும் வளிமண்டலமும் போட்டால் ஆர் 0.0821. லீற்றரும் பாரும் என்றால் 0.0831. லீற்றரும் இரச மில்லிமீற்றரும் என்றால் 62.4. கன மீற்றரும் பஸ்காலும் என்றால் 8.314.

நம் வினாத்தாளின் தலைப்பில் 8.314 தான் அச்சிட்டு வருகிறது. ஆகவே மற்ற எண்களைப் பாடமாக்கிக் குழம்ப வேண்டாம் என்பது என் எண்ணம். 8.314 ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

8.314 போட்டால் கனவளவைக் கன மீற்றருக்கு மாற்றியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கிலோபஸ்காலும் லீற்றரும் சோடியாக வந்தாலும் அதே 8.314 பொருந்தும். ஒரு கிலோபஸ்கால் என்பது 1000 பஸ்கால். ஒரு லீற்றர், அதாவது ஒரு கன டெசிமீற்றர், கன மீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. பெருக்கினால் ஆயிரமும் ஆயிரத்தில் ஒன்றும் வெட்டுப்பட்டு ஒரு யூல் மிஞ்சும்.

பிள்ளைகள் மாட்டுப்படுவது பாதி மாற்றி பாதி விடும்போதுதான். 10 லீற்றர் பாத்திரம், 0.4 மூல் நைதரசன், 27 பாகை செல்சியஸ், அமுக்கம் என்ன? 0.4 × 8.314 × 300 ÷ 10 = 99.8. இதற்குப் பக்கத்தில் "பஸ்கால்" என்று எழுதினால் பிழை. 10 ஐ லீற்றராகப் போட்டதால் வந்தது கிலோபஸ்கால்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு மனக்கணக்குப் போதும். நம் அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அமுக்கத்தில் ஒரு மூல் வாயு ஏறக்குறைய 25 லீற்றர் இடம் பிடிக்கும். அப்படியென்றால் 0.4 மூலுக்குப் பத்து லீற்றர். பாத்திரமும் பத்து லீற்றர், ஆகவே விடை ஒரு வளிமண்டலத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 100 பஸ்கால் என்பது ஒரு சென்ரிமீற்றர் உயரத் தண்ணீரின் அமுக்கம். அது எந்த மூலைக்கும் காணாது.

போயிலின் விதி, சாள்சின் விதிக் கணக்குகளில் அலகு மாற்றத் தேவையில்லை என்கிறார்களே?

உண்மை. முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் ஒப்பிடும் கணக்கில் ஆர் வெட்டுப்பட்டுப் போகும். இரண்டு பக்கத்திலும் அமுக்கம் ஒரே அலகில் இருந்தால் போதும். 760 இரச மில்லிமீற்றரை 101.3 கிலோபஸ்காலாக மாற்றுவது ஒரு பெருக்கல். இரு பக்கமும் ஒரே எண்ணால் பெருக்கினால் அது வெட்டுப்படும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த அலகின் பூச்சியம் மெய்யான பூச்சியமாக இருக்க வேண்டும். வெப்பநிலையைச் செல்சியஸில் போடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்றால், செல்சியஸைக் கெல்வினாக்குவது பெருக்கல் இல்லை, 273 ஐக் கூட்டல். கூட்டியது விகிதத்தில் வெட்டுப்படாது. அமுக்கத்திலும் இதே பொறி இருக்கிறது. அது பாடப்புத்தகத்தில் அல்ல, ரயர் கடையில் இருக்கிறது.

ரயருக்கு 28 அடிக்கிறோம். அந்த 28 ஐ அப்படியே சமன்பாட்டில் போடலாமா?

போடக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

ஒட்டுப்போடும் கடையில் "எவ்வளவு அடிக்கிறது?" என்று கேட்பார்கள், "28" என்போம். அலகை யாரும் வாயில் எடுப்பதில்லை. மானியின் முகத்தைக் கிட்டப் பார்த்தால் இரண்டு வட்டம் தெரியும். ஒன்றில் பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு இறாத்தல். மற்றதில் பார் அல்லது சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோ. 28 பிஎஸ்ஐக்கு நேரே மற்ற வட்டத்தில் முள் இரண்டுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும், கிலோபஸ்காலில் 193.

அலகு அதற்குள் ஒரு சின்ன விசயம்தான். பெரிய விசயம், ரயரில் மாட்டாமல் சும்மா கிடக்கும்போது அந்த முள் எங்கே நிற்கிறது என்பது. பூச்சியத்தில் நிற்கும். அந்த நேரத்திலும் அதைச் சுற்றி ஒரு வளிமண்டலக் காற்று அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. மானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். இதை மானி அமுக்கம் என்பார்கள். வாயுச் சமன்பாடு கேட்பது தனி அமுக்கத்தை, அதாவது மானி காட்டுவதோடு வளிமண்டல அமுக்கத்தையும் கூட்டி வருவதை. வளிமண்டலம் பிஎஸ்ஐயில் 14.7. ஆகவே 28 என்பது உண்மையில் 42.7.

கணக்கைப் பார்ப்போம். விடிய 25 பாகையில் மோட்டார் சைக்கிளுக்கு 28 அடிக்கிறோம். மத்தியானம் ஏ9 தார்ச் சூட்டில் ஓடி ரயருக்குள் காற்று 45 பாகைக்கு வருகிறது. கனவளவு மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 298 கெல்வின் 318 ஆகியிருக்கிறது. சரியான வழி: 42.7 × 318 ÷ 298 = 45.6. அதிலிருந்து 14.7 ஐக் கழித்தால் மானி 30.9 காட்டும். 28 ஐ அப்படியே போட்டால் 29.9 வரும். ஒரு பிஎஸ்ஐதானே பிழை என்று தோன்றலாம், ஆனால் கூடியது மொத்தமே மூன்று பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவு. அதில் மூன்றில் ஒன்றை விட்டுவிட்டோம். செல்சியஸிலேயே போட்டவருக்கு 28 × 45 ÷ 25, அதாவது 50 வரும். அப்படி ஏறுமானால் பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ரயர் வெடித்த மோட்டார் சைக்கிள்கள்தான் வரிசையாக நிற்கும்.

இன்னொன்று. இந்தப் பிழையைப் பஸ்காலுக்கு மாற்றித் திருத்த முடியாது. 193 கிலோபஸ்காலும் மானி அமுக்கமே. பூச்சியம் இடம் மாறவில்லை. முதலில் கூட்டுங்கள், அப்புறம் வேண்டிய அலகுக்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டு 101.3 ஐக் கூட்டினாலும் சரிதான். கூட்டாமல் விடுவதுதான் ஆபத்து.

அம்மாவுக்குக் கிளினிக்கில் பிறசர் 120 என்றார்கள். வளிமண்டலம் 760 என்றால் இது எப்படி?

நல்ல கேள்வி. அதுவும் மானி அமுக்கம்தான், இரச மில்லிமீற்றரில். வெளிக்காற்றைவிட 120 கூட என்று பொருள். தனி அமுக்கம் 760 + 120 = 880. தனி அமுக்கமே 120 ஆக இருந்தால் கை வெட்டுப்பட்டால் இரத்தம் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும்.

மானியில் காட்டுவதை நேரடியாகப் போடக்கூடிய இடமே கிடையாதா?

ஒன்று இருக்கிறது, ஆஸ்பத்திரி ஒட்சிசன் சிலிண்டர். உள்ளே 10 லீற்றர் இடமுள்ள சிலிண்டரில் மானி 150 பார் காட்டுகிறது. நிமிடத்துக்கு 5 லீற்றர் விட்டால் எவ்வளவு நேரம் வரும்? தனி அமுக்கம் 151 பார். அதன்படி ஒரு பாரில் 1510 லீற்றர் இருக்கிறது. ஆனால் கடைசிப் 10 லீற்றர் வெளியே வராது. உள்ளும் வெளியும் ஒரே அமுக்கமானதும் ஓட்டம் நின்றுவிடும். வெளியே வருவது 1500, அதாவது மானி காட்டிய 150 ஐப் பத்தால் பெருக்கியது. ஐந்தால் வகுத்தால் 300 நிமிடம், ஐந்து மணித்தியாலம். கூட்டிய ஒன்றும் கழித்த ஒன்றும் சமமாகிப் போகிற இடம் இது. ஒட்சிசன் அவ்வளவு அமுக்கத்தில் இலட்சிய வாயுவிலிருந்து சற்று விலகும், அதோடு வாட்டில் யாரும் சிலிண்டரை அடி ஒட்டக் காலியாக்க விடமாட்டார்கள். அது வேறு கதை.

மகனீசியச் செய்முறையில் விடை 24 வராமல் 33 வருகிறது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு அலகில் உள்ள அமுக்கங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்திருப்பீர்கள்.

செய்முறை தெரிந்ததுதான். மகனீசிய நாடாத் துண்டொன்றை அமிலத்தில் கரைத்து, வரும் ஐதரசனைக் கவிழ்த்த அளவியில் நீருக்கு மேல் சேர்க்கிறோம். அளவிக்குள் ஐதரசனோடு நீராவியும் இருக்கும். தாற்றனின் பகுதியமுக்க விதிப்படி, வளிமண்டல அமுக்கத்திலிருந்து நீராவியின் நிரம்பல் ஆவியமுக்கத்தைக் கழித்தால்தான் ஐதரசனின் பங்கு கிடைக்கும். உள்ளும் வெளியும் நீர்மட்டத்தைச் சமப்படுத்திவிட்டே கனவளவை வாசிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

0.024 கிராம் மகனீசியம், 26.0 கன சென்ரிமீற்றர் வாயு, 30 பாகை என்று வைப்போம். வளிமண்டலம் 101.3 கிலோபஸ்கால். ஆவியமுக்க அட்டவணை, பழைய புத்தகமாக இருந்தால், 30 பாகைக்கு 31.8 என்று சொல்லும். அது இரச மில்லிமீற்றர். அவசரத்தில் 101.3 − 31.8 = 69.5 என்று போட்டால் மூல் எண்ணிக்கை 0.000717 வரும், மகனீசியத்தின் சார் அணுத்திணிவு 33.5 ஆகிவிடும். சரியாகச் செய்தால் 31.8 மில்லிமீற்றர் 4.24 கிலோபஸ்கால், 101.3 − 4.24 = 97.1, மூல் 0.00100; விடை 24.0.

இதில் கொடுமை என்னவென்றால் 69.5 பார்வைக்கு நல்ல எண்ணாகத் தெரியும். பெருக்கலில் அலகு பிழைத்தால் விடை ஆயிரம் மடங்கு துள்ளிக் காட்டிக்கொடுக்கும். கூட்டல் கழித்தலில் பிழைத்தால் பக்கத்திலேயே பதுங்கிக்கொள்ளும். ஆகவே பகுதியமுக்கங்களைக் கூட்டும்போதும் கழிக்கும்போதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதியே ஆக வேண்டும். நம் வெக்கையில் இந்தத் திருத்தத்தைத் தவிர்க்கவும் முடியாது. 30 பாகையில் நீராவியின் பங்கு மொத்தத்தில் நூற்றுக்கு நாலுக்கு மேல்.

இந்த 760 எங்கிருந்து வந்தது?

1643 இல் இத்தாலியில் தொரிசெல்லி காட்டிய இரசக் குழாயிலிருந்து. கடல் மட்டத்தில் வளிமண்டலம் ஏறக்குறைய 760 மில்லிமீற்றர் இரசத்தைத் தாங்கும். இரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி, ஆகவே தண்ணீர் என்றால் 10.3 மீற்றர். 1954 இல் ஒரு வளிமண்டலம் என்பதைச் சரியாக 101325 பஸ்கால் என்று வரையறுத்துவிட்டார்கள். பஸ்கால் என்ற பெயர் அலகுக்கு வந்தது 1971 இல்.

அந்த 10.3 மீற்றரை வன்னியில் தோட்டம் செய்யும் எல்லோரும் பெயர் தெரியாமலே அறிவார்கள். கோடையில் கிணற்று நீர் கீழே போனதும், மேலே வைத்த தண்ணீர் மெசின் இழுக்காது. உறிஞ்சுவது என்று நாம் சொன்னாலும் உண்மையில் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. அதன் பலம் 10.3 மீற்றரோடு தீர்ந்தது. நடைமுறையில் ஏழு, எட்டு மீற்றருக்கு மேல் கஷ்டம். எத்தனை குதிரைவலு மெசின் வாங்கினாலும் இதே கதை. அதனால்தான் கிணற்றுக்குள் தட்டுக் கட்டி மெசினை இறக்குகிறார்கள். (மண்ணெண்ணெய் மெசினை இறக்கி ஓட்டாதீர்கள். புகையில் உள்ள காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள் தேங்கி ஆளையே கொல்லும்.)

குமிழிக் கணக்கில் ஆழத்தை அமுக்கமாக்குவது எப்படி?

ஆழம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல். மீற்றர், கன மீற்றருக்குக் கிலோகிராம், 9.81 என்று போட்டால் விடை பஸ்காலில் வரும். அதுவும் நீரின் பங்கு மட்டும். மேலே உள்ள காற்றைக் கூட்ட வேண்டும்.

மாரியில் இரணைமடு 36 அடியைத் தொட்டது என்று செய்தி வருமே, அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு குமிழி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 அடி ஏறக்குறைய 11 மீற்றர். நீரின் அமுக்கம் 108 கிலோபஸ்கால். காற்றோடு சேர்த்து 209. மேலே 101. வெப்பநிலை மாறாவிட்டால் அடியில் ஒரு கன சென்ரிமீற்றராக இருந்த குமிழி மேலே இரண்டைச் சற்றுத் தாண்டும். காற்றைக் கூட்ட மறந்து, அடியில் 108, மேலே பூச்சியம் என்று போட்டவருக்குக் குமிழி முடிவிலியாகிவிடும். கடலட்டைக்குச் சிலிண்டரோடு இறங்குபவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வரக் கூடாது என்பதற்கும் காரணம் இந்தக் கணக்குத்தான். நுரையீரலில் உள்ள காற்றும் அப்படியே விரியும்.

22.4 லீற்றரா, 22.7 லீற்றரா?

இரண்டும் ஒரு மூல் வாயு பூச்சியப் பாகையில் பிடிக்கும் இடம். அமுக்கம் ஒரு வளிமண்டலம் என்றால் 22.4, ஒரு பார் என்றால் 22.7. ஒரு பார் 100000 பஸ்கால், வளிமண்டலத்தைவிட நூற்றுக்கு ஒன்று சொச்சம் குறைவு. 1982 இல் சர்வதேச இரசாயன ஒன்றியம் நியம அமுக்கத்தை ஒரு பாருக்கு மாற்றியது. பழைய புத்தகத்திலும் பழைய கடந்தகால வினாத்தாளிலும் 22.4 தான் இருக்கும். வினாவில் அமுக்கம் தந்திருந்தால் இரண்டையும் விட்டுவிட்டுச் சமன்பாட்டிலேயே போடுங்கள்.

வானிலை அறிக்கையில் வரும் ஹெக்ரோபஸ்கால்?

நூறு பஸ்கால். பழைய மில்லிபாரும் அதுவே. தாழமுக்கம் வருகிறது என்று வானொலி பயமுறுத்தும் நாட்களில்கூட எண் 1000 க்குப் பக்கத்தில்தான் நிற்கும். 1008 என்றால் 100.8 கிலோபஸ்கால். வன்னி தாழ்ந்த சமதரை என்பதால் பயிற்சிக் கணக்குகளில் வளிமண்டலத்தை 101 என்று எடுப்பதில் பெரிய பிழை வராது. நுவரெலியாவில் அப்படி எடுக்க முடியாது, அங்கே 81 அளவுதான்.

வீட்டுக் காஸ் சிலிண்டரில் மானி பூட்டினால் மிச்சம் எவ்வளவு என்று சமன்பாட்டால் தெரியுமா?

தெரியாது, எந்த அலகில் வாசித்தாலும். 12.5 கிலோ சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவம். திரவம் ஒரு துளி இருக்கும்வரை அமுக்கம் ஆவியமுக்கத்திலேயே நிற்கும். அது வெப்பநிலையையும் கலவையையும் பொறுத்தது, மிச்சத்தைப் பொறுத்தது அல்ல. திரவம் தீர்ந்த பிறகே முள் இறங்கும், அதற்குள் சோறு பாதி வெந்திருக்கும். நிறுத்துப் பார்ப்பதுதான் வழி.

ஒருகாலத்தில் ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். குளோரீனும் சிலிண்டருக்குள் திரவம்தான். நம் வெப்பநிலையில் எட்டு, ஒன்பது வளிமண்டலத்தில் திரவமாகிவிடும். பீவீ, என்ஆர்ரீ போட்டு அதன் திணிவைக் கணித்தால் மிகக் குறைந்த எண்தான் வரும்.

சமநிலைப் பாடத்தில் கே.சீ யிலிருந்து கே.பீ க்குப் போகும்போது அலகு என்னாகும்?

கே.சீ செறிவில் எழுதிய சமநிலை மாறிலி, கே.பீ பகுதியமுக்கத்தில் எழுதியது. செறிவு லீற்றருக்கு மூல் என்று இருந்து 8.314 ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கினால் அமுக்கம் கிலோபஸ்காலில் வரும். பஸ்கால் வேண்டுமென்றால் செறிவை முதலில் கன மீற்றருக்கு மாற்றுங்கள். ஒரு மூல் இரண்டாகும் தாக்கம், 298 கெல்வின், கே.சீ லீற்றருக்கு 0.005 மூல் என்றால் கே.பீ = 0.005 × 8.314 × 298 = 12.4 கிலோபஸ்கால். 12.4 பஸ்கால் என்று எழுதிப் புள்ளிகளை இழந்தவர்கள் ஏராளம். மூல் எண்ணிக்கை மாறாத தாக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை.

வந்தர்வாலின் சமன்பாட்டில்?

அது மெய் வாயுக்களுக்கு ஏற்றபடி திருத்திய சமன்பாடு. அங்கே வரும் இரு மாறிலிகளில் முதலாவதிலும் அமுக்க அலகு ஒட்டியிருக்கிறது. காபனீரொட்சைட்டுக்கு முதல் மாறிலி பார்–லீற்றரில் 3.64, பஸ்கால்–மீற்றரில் 0.364. அட்டவணைத் தலைப்பை வாசிக்காமல் எண்ணை எடுக்க வேண்டாம்.

பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. 101325 ஐ வைத்துக்கொண்டு எப்படிப் பெருக்குவது?

வினாவில் 101325 என்று தராவிட்டால் அதை இழுத்துவர வேண்டாம். இலக்கங்கள் பெரும்பாலும் கையால் சுருங்கும்படிதான் தரப்படும். 1.0 × 10⁵ பஸ்கால், 4.157 லீற்றர், 300 கெல்வின், எத்தனை மூல்? கிலோபஸ்காலில் 100 × 4.157 ÷ (8.314 × 300). இங்கே 8.314 ஐயும் 300 ஐயும் பெருக்கி 2494 என்று எழுதியவர் அதற்குப் பிறகு நீள்வகுத்தலில் ஐந்து நிமிடத்தைத் தொலைப்பார். 4.157 சரியாக 8.314 இன் பாதி. வெட்டினால் 50 ÷ 300, அதாவது 0.167 மூல். எல்லாவற்றையும் பிரதியிட்டு முடியும்வரை 8.314 ஐப் பெருக்காமல் அப்படியே வைத்திருங்கள்.